பிள்ளைகளிடம் நன்றியை எதிர்பார்க்கலாமா?



சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் மின்விசிறிகளை மோதினார் ஒவ்வொன்றாக நிறுத்திக் கொண்டிருந்தார். காந்திபுரத்தில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் மட்டும் எழுந்து போகாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஹஜ்ரத், ஒண்ணு கேக்கோணுங்க” என்றார். ஏதோ மார்க்கச் சட்டம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “சட்டமெல்லாம் இல்லீங்க. மனசுதான் சரியில்லீங்க.”

அவருடைய மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறானே என்று, கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தை எடுத்து அவனுக்கு பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாவியைக் கையில் கொடுத்தபோது பையன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “கறுப்புக் கலர் கிடைக்கலையா அத்தா?” என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். “தேங்ஸுன்னு ஒரு வார்த்தை வரலைங்க ஹஜ்ரத். மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க.”

அவரிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அதே கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை. அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது ஒரு தகப்பனின் வருத்தம் மட்டுமல்ல. சுப்ஹுக்கு முன்பே எழுந்து அடுப்பு பற்றவைத்து, மூன்று டப்பாக்களில் சோறு கட்டும் தாய்க்குக் கிடைப்பது, “இன்னைக்கும் தக்காளி சாதமா?” என்ற கேள்விதான். மக்தபுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது எத்தனை தாய்மார்கள் இதைச் சொல்லிக் கண்கலங்கியிருக்கிறார்கள்!

முதலில் பிள்ளைகளுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ் வீடுகளில் வாயால் நன்றி சொல்லும் பழக்கம் எப்போதுமே குறைவு. ‘நன்றி’ என்பது நமக்கு மேடைச் சொல், அழைப்பிதழ்ச் சொல். டவுன் பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கொடுத்த கண்டக்டருக்கு ‘தேங்ஸ்’ சொல்வோம். ஒரு பையன் சாப்பிட்டு முடித்துவிட்டு, “நன்றி அம்மா” என்று சொன்னால், அவனுக்குக் காய்ச்சலா என்று அந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்! அதற்காக நம் சமூகம் நன்றி கெட்ட சமூகமா? இல்லை. திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. சொல்லுதல் என்று இல்லை, அறிதல் என்றுதான் இருக்கிறது.

அரபு மொழியின் ‘ஷுக்ர்’ என்ற சொல்லும் வாயோடு நிற்பதில்லை. குர்ஆனின் சொற்களுக்குப் பொருள் எழுதிய இமாம் ராகிப் அல் இஸ்ஃபஹானி (ரஹ்) ஷுக்ரை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உள்ளத்தால் உணர்வது, நாவால் புகழ்வது, உறுப்புகளால் செய்து காட்டுவது. ஸபஉ சூராவின் 13-வது வசனத்தில் தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு அல்லாஹ் இடும் கட்டளையைப் பாருங்கள். நன்றியைச் சொல்லுங்கள் என்று இல்லை. நன்றியாக அமல் செய்யுங்கள் என்று இருக்கிறது. அதே வசனத்தின் முடிவில், தன் அடியார்களில் நன்றியுள்ளவர்கள் குறைவு என்றும் அல்லாஹ் சொல்லிவிடுகிறான்.

அந்தச் சகோதரரிடம், “உங்கள் மகன் உங்களுக்கு எதுவுமே செய்ததில்லையா?” என்று கேட்டேன். யோசித்தார். போன ரமளானில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது பத்து நாள் கல்லூரி விட்டதும் நேரே கடைக்கு வந்து, நோன்போடு இரவு வரை நின்று வியாபாரம் பார்த்தது அந்தப் பையன்தானாம். “அதுக்கு நீங்க அவனுக்கு ஜஸாகல்லாஹ் சொன்னீங்களா?” என்றேன். “அது அவன் கடமைதானுங்களே!” என்றார்.

பாருங்கள்! நாம் செய்தால் உபகாரம். அவன் செய்தால் கடமை. இந்தத் தராசு சரியில்லை.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பிள்ளையின் நன்றிகேட்டைப் பற்றிப் பேசும்போது குர்ஆன் நம் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடிக்கிறது. ஆதியாத் சூராவில், குதிரைகளின் மீது சத்தியமிட்டுவிட்டு, மனிதன் தன் ரப்புக்கு ‘கனூத்’ ஆக இருக்கிறான் என்கிறான் அல்லாஹ் (100:6). கனூத் என்றால் யார்? தனக்கு வந்த சோதனைகளை எண்ணிக் கொண்டிருந்து, கிடைத்த நிஃமத்துகளை மறந்துவிடுபவன் என்று ஹஸன் பஸரி (ரஹ்) விளக்கம் சொன்னார்கள். பைக் கிடைத்ததை மறந்து கறுப்பு நிறம் கிடைக்காததை எண்ணிய பையன் நம் நினைவுக்கு வருகிறான். நம்மை நினைவுக்கு வருவதில்லை.

கோவைக்காரர்களாகிய நமக்குப் புரியும்படி ஒன்று சொல்கிறேன். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி வெளியூர் விருந்தாளியிடம் பெருமை பேசாத கோவைக்காரர் உண்டா? அந்த அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து மலையில். அங்கே பெய்த மழையை இங்கே நம் வீட்டுக் குழாயில் கொண்டுவந்து தருகிறான் ரஹ்மான். 2016-இல் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் அணை வறண்டது. அப்போது ஊரெங்கும் சிறுவாணிப் பேச்சாகவே இருந்தது. தண்ணீர் ஒழுங்காக வந்து கொண்டிருந்த நாட்களில் குழாயைத் திறந்தபோது எத்தனை பேர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்? பிறகு மழை பெய்தது, தண்ணீர் வந்தது, பேச்சு நின்றது. தடையில்லாமல் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாது. பெற்றோரின் உழைப்பும் பிள்ளைக்கு அப்படிப்பட்ட குழாய்த் தண்ணீர்தான்.

ஒருமுறை ஒரு யதீம்கானாவுக்குச் சென்றிருந்தேன். மதிய உணவு பரிமாறினார்கள். ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் ஒவ்வொரு சிறுவனும் தலையை நிமிர்த்தி, “ஜஸாகல்லாஹ்” என்றான். என்ன ஒழுக்கம் என்று அங்கே மெச்சிப் பேசிவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது மனம் கனத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தட்டு தானாக வராது என்று தெரிந்திருக்கிறது. அதனால் சொல்கிறார்கள். என் வீட்டுப் பிள்ளை தட்டை இழுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். சோறு வருமா என்ற சந்தேகம் அவன் வாழ்நாளில் ஒரு நாளும் வந்ததில்லை. அவன் சொல்லாததற்குப் பாதிக் காரணம், அது அவன் வீடு என்பதுதான். அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுத்தது அல்லாஹ். அதற்கு யார் ஷுக்ர் செய்ய வேண்டும்? நாமல்லவா?

இப்போது லுக்மான் (அலை) அவர்களிடம் வருவோம். லுக்மான் சூராவில் 12-வது வசனத்திலிருந்து 19 வரை ஒரு தகப்பன் மகனுக்குச் செய்யும் உபதேசம். மூன்று இடங்களில் ‘யா புனைய்ய’, என் அருமை மகனே, என்று அழைக்கிறார்கள். இணை வைக்காதே என்கிறார்கள், தொழு என்கிறார்கள், பொறுமையாக இரு என்கிறார்கள். நடக்கும் நடையையும் பேசும் குரலையும் கூடச் சொல்லித் தருகிறார்கள். “எனக்கு நன்றியுள்ளவனாக இரு மகனே” என்று மட்டும் லுக்மான் சொல்லவே இல்லை!

அப்படியென்றால் பெற்றோருக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பது அங்கே இல்லையா? இருக்கிறது. 14-வது வசனத்தில் இருக்கிறது. ஆனால் அது லுக்மானின் பேச்சு அல்ல, அல்லாஹ்வின் பேச்சு என்கிறார்கள் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர். தகப்பனின் உபதேசம் நடந்து கொண்டிருக்கும்போதே ரப்பு இடையில் வந்து, தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்ததையும், இரண்டு ஆண்டுகள் பாலூட்டியதையும் எடுத்துச் சொல்லி, தனக்கும் பெற்றோருக்கும் நன்றி செலுத்துமாறு மனிதனைப் பணிக்கிறான். லுக்மான் தன் உரிமையைக் கேட்க வெட்கப்பட்டார். அவருக்காக அல்லாஹ் கேட்டான். நான் கேட்டு வாங்கும் நன்றி எங்கே, எனக்காக என் ரப்பு கேட்டுத் தரும் நன்றி எங்கே!

தஹ்ர் சூராவில் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்த நல்லோர்களைப் பற்றி வருகிறது (76:8, 9). அல்லாஹ்வின் முகத்துக்காக மட்டுமே தருகிறோம், உங்களிடம் பிரதிபலனும் வேண்டாம் நன்றியும் வேண்டாம் என்பது அவர்களுடைய நிலை. இதை அவர்கள் வாயால் சொல்லவில்லை, அவர்களுடைய உள்ளத்தில் இருந்ததை அறிந்து அல்லாஹ்வே அப்படிப் புகழ்ந்தான் என்று முஜாஹித் (ரஹ்), ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். வெளியே உள்ள ஏழைக்குக் கொடுக்கும்போது நமக்கும் இந்த எண்ணம் ஓரளவு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்தால்தான் வருவதில்லை.

இனி, நான் எத்தனை முறை படித்தாலும் நிறுத்திவிட்டு யோசிக்கும் ஒரு ஹதீஸ். முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஓர் ஏழைப் பெண் தன் இரண்டு மகள்களைச் சுமந்துகொண்டு வந்தார். அன்னை அவர்கள் மூன்று பேரீச்சம்பழங்களைக் கொடுத்தார்கள். அந்தத் தாய் ஆளுக்கு ஒன்றாக மகள்களுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தன் வாய்க்குக் கொண்டு போனார். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். வாய்க்கு அருகில் போன பழத்தை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்துவிட்டார் அந்தத் தாய்.

அந்தச் சிறுமிகள் நன்றி சொன்னார்களா? ஹதீஸில் அப்படி ஒன்றும் இல்லை. தங்கள் பங்கைத் தின்றுவிட்டு, அம்மாவின் பங்கையும் கேட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே! அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நடந்ததை ஆயிஷா (ரலி) வியப்போடு நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அதைக் கொண்டே அந்தப் பெண்ணுக்கு அல்லாஹ் சொர்க்கத்தைக் கடமையாக்கிவிட்டான் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கு! கேட்டவர்கள் நன்றி சொல்லாத ஒரு பழத்துக்கு! என் அருமைத் தாய்மார்களே, நீங்கள் கட்டிக் கொடுத்த அந்தத் தக்காளி சாதம் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் அந்த ஏட்டை நாமே அழித்துவிடும் ஓர் ஆபத்து இருக்கிறது. நான் இந்த ஜும்ஆவுக்கு இந்தத் தலைப்பை எடுத்ததே இதற்காகத்தான். நன்மையை நாடி ஒருவர் தன் குடும்பத்துக்குச் செலவு செய்தால் அது ஸதகா என்று அபூமஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ், பைக், டப்பாச் சோறு எல்லாமே நிய்யத் சரியாக இருந்தால் ஸதகாதான். சரி, ஸதகா எதனால் பாழாகும்? பகரா சூராவின் 264-வது வசனத்தைப் பாருங்கள். சொல்லிக் காட்டுவதாலும் மனம் நோகச் செய்வதாலும் உங்கள் ஸதகாக்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று ஈமான் கொண்டவர்களை அல்லாஹ் எச்சரிக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். “உனக்காக நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? உன்னைப் பெத்ததுக்கு…” என்று சாப்பாட்டு நேரத்தில் நாம் ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு, இருபது வருட ஸதகாவை இரண்டு நிமிடத்தில் கரைக்கக் கூடியது. அதைச் சொல்வதால் பிள்ளைக்கு நன்றி வந்ததை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு லேட்டாக வரும் பழக்கம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரிடம் ‘ச்சீ’ என்று கூடச் சொல்லாதே என்ற வசனத்தை (17:23) நான் மிம்பரில் ஓதும்போதெல்லாம் ஒன்று நடக்கும். அத்தாமார்கள் பக்கத்தில் இருக்கும் மகனை விலாவில் லேசாக இடிப்பார்கள். எனக்கு மேலிருந்து தெரியும். அந்த வசனம் பிள்ளைக்கு வந்த கட்டளை. நம் கையில் கொடுக்கப்பட்ட பிரம்பு அல்ல.

பெற்றோரின் வருத்தத்துக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இன்று ஒரு வார்த்தை சொல்லாதவன் நாளை ஒரு வேளை சோறு போடுவானா? அந்தப் பயம் வெறும் பிரமை அல்ல. பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லி 2007-இல் நம் நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. தேவைப்படுபவர்கள் அதை நாடுவதில் தவறும் இல்லை. மாதாமாதம் இவ்வளவு பணம் கொடு என்று மகனுக்கு உத்தரவு போட முடியும். அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசு என்று எந்த அதிகாரியும் உத்தரவு போட முடியாது. அது சிறு வயதிலிருந்து வர வேண்டிய தர்பியத்.

அப்படியானால் நாவால் நன்றி சொல்லக் கற்றுக் கொடுக்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் நபிமொழி. கற்றுக் கொடுக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. உமர் இப்னு அபீஸலமா (ரலி) நபியவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர். சாப்பிடும்போது அவருடைய கை தட்டெங்கும் ஓடியது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உனக்கு அருகிலிருப்பதைச் சாப்பிடு என்று அங்கேயே, அந்தத் தட்டின் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் சாப்பிடும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று பெரியவரான பின் அவர் சொல்கிறார். சின்னச் சொல், அன்பான சொல், ஒரே முறை. நாம் பத்து வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பதினெட்டு வயதில் பைக் சாவியைக் கொடுத்த அன்று நன்றியை எதிர்பார்க்கிறோம்.

அனஸ் (ரலி) அவர்களை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். வழியில் சிறுவர்கள் விளையாடுவதைப் பார்த்து அவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பினால் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், சிரித்தபடி! அனைஸே என்று செல்லமாக அழைத்து, நான் சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஒருநாளும் தம்மை ‘உஃப்’ என்று கூட நபியவர்கள் சொன்னதில்லை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கேட்காமலேயே வந்த நன்றி அது.

இன்னொன்று. பிள்ளை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது அதிகம். கதீஜா (ரலி) அவர்கள் வஃபாத்தாகிப் பல வருடங்கள் ஆன பிறகும், ஆடு அறுத்தால் அதன் கறியைக் கதீஜாவின் தோழியருக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைப்பார்கள் என்று புகாரியில் வருகிறது. நம் வீட்டில் அத்தா அம்மாவுக்கு ஜஸாகல்லாஹு கைரன் சொல்லிப் பிள்ளை கேட்டிருக்கிறதா? “உப்பு கம்மி” என்பதைத்தான் கேட்டிருக்கிறது. இன்று மதியம் ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போய் பிரியாணியோ ரசமோ, எது இருந்தாலும், சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் முன்னால் மனைவிக்கு ஜஸாகல்லாஹு கைரன் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் கொண்டுவந்து தரும் ஐந்து வயது மகளுக்கும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான் செல்போன் இல்லாத காலத்துப் பிள்ளை.

என் அத்தா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வேலூரில் அரபுக் கல்லூரியில் ஓதிய ஏழு வருடமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சம்பளம் வாங்கி, இரவு பஸ் பிடித்து வருவார்கள். ஒரு பையில் முறுக்கு, சோப்பு, தேங்காய் எண்ணெய். சட்டைப் பையில் எனக்கென ஒரு கவர். ஒருமுறை கசங்கிய லுங்கியோடு வந்து நின்றார்கள். கூட ஓதும் மாணவர்கள் பார்க்கிறார்களே என்று, “இப்படியே வந்துட்டீங்களா அத்தா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “நேரமில்லப்பா” என்றார்கள். பட்டமளிப்புக்குப் புது வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்திருந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட ஜஸாகல்லாஹ் சொன்ன நினைவு எனக்கு இல்லை. ஷுக்ர் பற்றிய அத்தனை ஹதீஸ்களையும் அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் ஓதினேன்.

அந்தச் சகோதரரிடம் நான் கேட்காத கேள்வி இதுதான்: “நீங்க உங்க அத்தாவுக்கு எப்ப தேங்ஸ் சொன்னீங்க?”

அத்தா வஃபாத்தானபோது குளிப்பாட்டும் பாக்கியத்தை அல்லாஹ் எனக்குக் கொடுத்தான். வலது கை பெருவிரலில் கத்திரி பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது. அன்றுதான் அந்த விரலை நான் சரியாகப் பார்த்தேன். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்குவானாக, ஆமீன். இஸ்ரா சூராவின் 24-வது வசனத்தில் ‘ரப்பிர்ஹம்ஹுமா’ துஆவை அல்லாஹ் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். சிறுவனாக இருந்தபோது அவர்கள் என்னை வளர்த்ததைப் போல என்ற வார்த்தை அதற்குள் வரும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேலூர் ஹாஸ்டல் வாசலும் அந்த லுங்கியும் எனக்குத் தெரியும். வாயிருந்தும் சொல்லாமல் விட்ட பிள்ளைக்கு அல்லாஹ் கடைசியாகத் திறந்து வைத்திருக்கும் வாசல் அது. உங்கள் பெற்றோர் உயிரோடு இருந்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு வாசல் திறந்திருக்கிறது.

அன்றிரவு இதையெல்லாம் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை அத்தாவும் மகனும் அதே பைக்கில் ஜும்ஆவுக்கு வந்தார்கள். மகன் ஓட்டினான், அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி நீல நிறம். முதல் பாங்கு ஆகிவிட்டதால் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒளூ செய்ய விரைந்தார். பையன் வண்டியைப் பூட்டிவிட்டு வந்து, குனிந்து, அத்தாவின் செருப்பைத் தன் செருப்போடு சேர்த்து எடுத்து, மழை படாத இடமாகப் பார்த்து ஓரமாக வைத்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தேன்.